கொடியை மாற்றிய கனடா, உறுதிமொழியை மாற்றிய ஆஸ்திரேலியா

டொராண்டோவில் குடியுரிமை பெற்ற அன்று, எலிசபெத் மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வலக்கையை உயர்த்திச் சொன்னேன். மேடையில் அவர் படமும் பக்கத்தில் மேப்பிள் இலைக் கொடியும் இருந்தன. சிட்னியில் குடியுரிமை பெற்ற என் தங்கை மகாராணியின் பெயரைச் சொல்லவே இல்லை. அங்கே 1994 முதல் உறுதிமொழி ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் மட்டுந்தான். ஆனால் அவள் எதிரே நின்ற கொடியின் மூலையில் பிரிட்டனின் கொடியான யூனியன் ஜாக் இருந்தது.

பிரிட்டிஷ் முடியாட்சியின் அடையாளங்களை விட்டு விலகியதில் இரண்டில் எந்த நாடு மேல்? கவர்னர் ஜெனரல், நாணயத்தில் மன்னர் முகம் எல்லாம் இரு நாடுகளுக்கும் பொது. கணக்கில் எடுக்க வேண்டியது கொடியைத்தான். என் ஓட்டு கனடாவுக்கு. உறுதிமொழியை வாழ்நாளில் ஒருமுறை சொல்கிறோம். கொடியைப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அதில் இன்னொரு நாட்டின் கொடி இருந்தால், இந்த நாடு முதலில் யாருடையது என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தை யூனியன் ஜாக் கொண்ட பழைய செங்கொடியின் கீழ் மனதார நிற்கவைக்க முடியாது என்பது கனடாவின் அன்றைய பிரதமர் லெஸ்டர் பியர்சனுக்குப் புரிந்திருந்தது. 1964 மே மாதம் வினிபெக்கில், முன்னாள் படைவீரர்கள் கூடிய அரங்குக்கே போய்ப் புதுக் கொடி வேண்டும் என்றார். கூச்சலிட்டார்கள். முதல் உலகப் போரில் பணியாற்றிய அவர் அசையவில்லை. பல மாத வாக்குவாதத்துக்குப் பின் டிசம்பரில் நாடாளுமன்றத்தின் கீழவை 163க்கு 78 என்று ஏற்றது. 1965 பிப்ரவரி 15 அன்று புதுக் கொடி ஏறியது. பொதுவாக்கெடுப்பு நடத்தவில்லை. ஆஸ்திரேலியாவோ, வாக்காளர்களைக் கேட்காமல் கொடியை மாற்றக் கூடாது என்று 1998இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்துவிட்டது. அப்படிக் கேட்ட நியூசிலாந்தில் 2016இல் 56 சதவீதத்துக்கும் மேலானோர் பழைய கொடியே போதும் என்றார்கள். எல்லாரும் பழகிப்போன ஒன்றை வாக்கெடுப்பில் தோற்கடிப்பது கடினம்.

ஆஸ்திரேலியாவை விருந்தாளியாக மட்டுமே பார்த்தவன் நான். அங்கேயே வாழ்பவர்களுக்கு அந்தக் கொடி என்னவாகப் படுகிறது என்பதில் தங்கையின் பேச்சைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் கொடியைத் தான் கவனிப்பதே இல்லை என்கிறாள்.

உறுதிமொழியில் ஆஸ்திரேலியா முன்னே நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கனடாவில் முடியின், அதாவது மன்னராட்சியின், பெயருக்கு ஒரு கடன் இருக்கிறது. 1871 முதல் 1921 வரை பூர்வகுடிகளோடு செய்த 11 எண்ணிட்ட ஒப்பந்தங்கள் முடியின் பெயரில் ஆனவை. அவற்றுள் பலவற்றின்படி ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் இன்றும் கொடுக்கிறார்கள். சிவப்புச் சீருடைக் காவலர் நோட்டைக் கையில் தருவது வழக்கம். விலைவாசி எங்கோ போன பிறகும் தொகை உயரவே இல்லை என்பது பெரிய அநியாயம். 2021இல் அந்த ஒப்பந்த உரிமைகளும் உறுதிமொழியில் சேர்க்கப்பட்டன. மன்னர் பெயரை மட்டும் உருவிவிட்டால், கொடுத்த வாக்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மங்கிவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

கியூபெக் சட்டமன்றம் 2022 டிசம்பரில் தன் உறுப்பினர்களுக்கு மன்னர் மீதான பிரமாணத்தை விருப்பத்துக்கு விட்டது. ஒப்பந்தங்கள் பற்றிய வரியைத் தொடாமல், குடியுரிமை உறுதிமொழியிலும் அப்படி ஒரு வழி வருமானால் நான் ஆதரிப்பேன்.