மீட்டர் 240 காட்டியது, அடியில் பிளாஸ்டிங்கே இல்லை

இரண்டு ஸ்டீல் டேங்குகளுக்கு வெளிப்புறக் கோட்டிங் வேலையைக் கொடுத்து நான் ஏமாந்த கதை இது. காண்ட்ராக்டர் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இரும்பின் சுத்தத்துக்கான ஐ.எஸ்.ஓ. 8501-1 படி எஸ்.ஏ. 2½ தரத்துக்கு (படிவும் துருவும் ஏறக்குறைய முழுக்கப் போக வேண்டும்) கிரிட் பிளாஸ்டிங், அதாவது கூர்மையான துகள்களைக் காற்றால் வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது, பிறகு ஜிங்க் எபாக்சி பிரைமர், நடுவில் எபாக்சி, மேலே பாலியூரித்தேன், மொத்தக் கனம் 240 மைக்ரான் என்றுதான் பேசியிருந்தோம். வேலை முடிந்ததும் கனம் பார்க்கும் மீட்டரை என் கையிலேயே கொடுத்து, "எங்க வேணும்னாலும் வெச்சுப் பாருங்க சார்" என்றார்கள். வைத்த இடமெல்லாம் 240க்கு மேல்தான். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மழைக்காலம்தான் தாண்டியது. அடிப்பக்கத் தாங்கிகளின் வெல்டிங் ஓரமாகக் கொப்புளங்கள். ஒன்றைக் கத்தி நுனியால் நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓடு மாதிரி பெயர்ந்து வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல் நிறம், வழவழவென்று. மில் ஸ்கேல்! ஆலையில் தகட்டைச் சூடாக உருட்டும்போது மேலே படிகிற ஆக்சைடு தோல். பெயின்ட் அதை நன்றாகத்தான் பிடித்திருந்தது, அதுதான் இரும்பை விட்டுவிட்டது. ஸ்கேலில் ஒரு விரிசல் விழுந்து ஈரம் இறங்கினால் போதும், பக்கத்து இரும்புதான் அரிக்கும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் இருந்தாலும் ஸ்கேலோடு சேர்ந்து கழன்றுவிடும்.

கூப்பிட்டுக் கேட்டேன். "புது பிளேட்டு சார், துருவே இல்ல, மெஷின் பிரஷ் போட்டு எஸ்.டி. 3 பண்ணிட்டோம், அது போதும்" என்றார்கள். எஸ்.டி. 3 என்பது கருவியால் தேய்த்துச் சுத்தம் செய்யும் தரம், பிளாஸ்டிங் இல்லை. இறுகப் பிடித்த ஸ்கேலை ஒயர் பிரஷ் எடுக்காது, மெருகேற்றி மினுக்கிவிடும், அவ்வளவுதான். மேன்ஹோல் பக்கம் மட்டும் நிஜமாகவே பிளாஸ்டிங் செய்திருந்தார்கள். நான் வழக்கமாக வந்து நிற்கும் இடம் அது. கெட்டிக்காரர்கள்தான்!

அப்புறம்தான் அவர்கள் கொடுத்த ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படித்தேன். பிளாஸ்டிங் சொரசொரப்பு எல்லா இடத்திலும் 65 மைக்ரான், ஒன்றுகூட முன்பின் இல்லை. தகட்டின் சூடும் டியூ பாயின்ட்டும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மூன்று நாளும், காலையும் மாலையும் ஒரே எண். அதில் ஒரு நாள் மழை கொட்டியது எனக்கே ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் எழுதிய ரிப்போர்ட் என்பது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். வாரண்டி கேட்டதற்கு, "நீங்கதான் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்களே" என்று முடித்துவிட்டார்கள்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. கனத்தைக் கேட்டேன், கனத்தைச் சொன்னது. அடியில் என்ன இருக்கிறது என்று அதைக் கேட்க முடியாது. அதற்கு பிரைமர் விழுவதற்கு முன்னால் வெறும் இரும்பை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது வேறு ஆட்களை வைத்து மொத்தத்தையும் சுரண்டி மறுபடி அடிக்கிறோம். நான் பார்த்துச் சரி சொல்லாமல் பிரைமர் டப்பாவையே திறக்கக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதிவிட்டேன். டார்ச் அடித்து அடிப்பக்கம், மூலை, போல்ட் துளை எல்லாம் பார்க்கிறேன். சொரசொரப்பைப் பதியும் ரெப்ளிகா டேப்பை நானே ஒட்டி எடுத்து ஃபைலில் வைக்கிறேன். தகட்டின் சூடு டியூ பாயின்ட்டை விட 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டால் அன்றைக்குப் பெயின்ட் கிடையாது. வெல்டிங்குக்கும் விளிம்புக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கை தனியாக அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்ப்ரே அங்கேதான் மெலிசாக விழும்.

நேற்று பிளாஸ்டிங்குக்கு வரும் கம்ப்ரஸர் காற்றை ஒரு வெள்ளைத் துணியில் ஒரு நிமிஷம் பாய்ச்சிப் பார்த்தேன். நடுவில் மஞ்சளாக எண்ணெய்க் கறை. அந்த எண்ணெய் இரும்பில் படிந்தால் பெயின்ட் பிடிக்காது. வேலையை நிறுத்தச் சொன்னதும் மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்று ஃபில்டர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.