ஹைலக்ஸ் ஹெட்லைட்டுக்குச் செய்த வேலைகளும் மூன்று வருட ஓட்டமும்

என்னுடையது 2009 மொடல் ஹைலக்ஸ் விகோ, சிங்கிள் கெப். கிழமைக்கு மூன்று இரவு நானுஓயாவில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் வண்டி. இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் லபுக்கலை, ரம்பொடை, புஸ்ஸல்லாவை, கம்பளை என்று முழு இறக்கமும் இருட்டில்தான். கண்டி வரைக்கும் நேரான ரோட்டு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் அழகுக்கு லைட் போடுகிறவர்களுக்கு நான் எழுதுவது அவ்வளவாகப் பிடிக்காமல் போகலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 தாண்டிப் போனது. புது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிறதைத் திருத்தி ஓட்டுவோம் என்று அந்த வருடக் கடைசியில் ஆரம்பித்த வேலை இது.

அப்போது என் ஹெட்லைட் இருந்த நிலை: கழுவாமல் வைத்த பிளேன்டீ கிளாஸ் மாதிரி கண்ணாடி மஞ்சளாகி, உள்ளே பல்ப் எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். டிம் (கிட்ட விழும் லைட்) போட்டால் முன்னால் இரண்டு மூன்று வண்டி நீளத்துக்கு மங்கலாகத் தெரியும். நுவரெலியா வாவிப் பக்கம் ஒரு விடியற்காலை நடு ரோட்டில் மட்டக்குதிரை ஒன்று நின்றுகொண்டே தூங்கியது. பிரேக் பிடித்து நின்றபோது அதற்கும் பம்பருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் வரும் வகை) எல்ஈடி பல்ப் ஒரு சோடி வாங்கினேன், 14,500 ரூபா. பெட்டியில் 20,000 லூமன் என்று போட்டிருந்தது, லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. வண்டியோடு வரும் சாதாரண எச்4 ஹெலஜன் பல்ப் டிம்மில் சுமார் 1,000 லூமன், தூரத்துக்கு அடிக்கும் பிரைட்டில் 1,650தான். அந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் பெட்டியைப் பார்த்து அங்கேயே சிரித்திருப்பேன். தெரியாததால் காசைக் கொடுத்தேன்.

முதல் இரவு வானம் வெளித்திருந்தது. பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணே, பகல் மாதிரி இருக்கு" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது பயணத்தில் லபுக்கலை தோட்டத்துக்குள் இறங்கும்போது பனிமூட்டம் கட்டியது. அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சேலை விரித்துக் கட்டின மாதிரி ஆகிவிட்டது. ரோட்டு இல்லை, கான் இல்லை, வெள்ளைக் கோடு இல்லை. பிரைட் போட்டால் இன்னும் மோசம். கடைசியில் தம்பி டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி முன்னால் நடந்தான். நான் பின்னால் உருட்டிக்கொண்டு போனேன். 14,500 ரூபா பல்புக்கு முன்னால் ஓர் ஆளை நடக்க விட்டு ஓட்டிய கதையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஏன் அப்படி என்று பிறகுதான் விளங்கியது. எச்4 ஹெட்லைட்டில் வெளிச்சத்தை ரோட்டுக்குப் பிரித்துப் போடுவது பின்னால் கிண்ணம் மாதிரி உள்ள ரிஃப்லெக்டர். பல்புக்குள் மயிரிழை மாதிரி இருக்கிறதே அந்த இழை, அது சரியாக எந்தப் புள்ளியில் எரியும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகரக் கிண்ணி இருக்கும். வெளிச்சம் மேலே போகாமல் வெட்டுவது அதுதான். எல்ஈடி பல்பில் இழைக்குப் பதில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தரும் சின்னச் சில்லு (சிப்) ஒட்டியிருக்கும். தகட்டின் தடிப்பு கூடினாலோ, சில்லு இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலோ வெட்டு விழ வேண்டிய இடத்தில் விழாமல் வெளிச்சம் மேலே சிதறும். வெளித்த வானத்தில் அது மரத்துக்குப் போகும், நமக்குத் தெரியாது. பனிமூட்டத்தில் நேரே நம் கண்ணுக்குத் திரும்பி வரும்.

எதிரே வருகிறவன் கண்ணுக்கும்தான். ராதெல்லப் பக்கம் ஒடுக்கமான இடத்தில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "தம்பி, ஒன்னோட லைட்டுல எனக்கு ரோட்டே போச்சு. அறுபது பேரு இருக்காங்க உள்ள" என்றார். டிம்தான் போட்டிருக்கிறேன் என்று காட்டினேன். "இதுவா டிம்மு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மற்றச் சில்லறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லைட்டைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல். டெஷ் போர்டில் பிரைட்டுக்கு எரிய வேண்டிய நீல விளக்கு எரியவே இல்லை. ஹெலஜன் பல்ப் கண்ணாடியைச் சூடாக்கி அதில் படியும் ஈரத்தைக் காய வைத்துவிடும். எல்ஈடியின் சூடு பின்பக்கமாகப் போவதால் ஜனவரி குளிரில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் கோத்து நிற்கும், இறங்கித் துடைக்க வேண்டும். மாட்டிய ஏழாம் மாதம் இடது பக்க பல்ப் விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. உள்ளே இருந்த சின்ன ஃபேன் சிக்கிக்கொண்டது. வாங்கிய கடையில் கேட்டால், தண்ணீர் போனதற்கு வாரண்டி இல்லை என்றார்கள். மழையில் ஓடாத ஹெட்லைட்டுக்கு மலைநாட்டில் என்ன வேலை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

எல்லா எல்ஈடியும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். கம்பனியிலேயே எல்ஈடிக்கென்று செய்த ஹெட்லைட் வேறு சங்கதி. நான் சொல்வது ஹெலஜன் கிண்ணத்துக்குள் செருகும் பல்பைப் பற்றி மட்டும்.

அப்புறம்தான் தலவாக்கலையில் வயரிங் பாஸ் (வயரிங் வேலை செய்யும் மெக்கானிக்) ஒருவரிடம் போனேன். பழைய ஹெலஜனை மாட்டச் சொன்னார். எஞ்சினை ஸ்டார்ட்டில் வைத்து லைட்டைப் போடச் சொல்லி, மல்டிமீட்டரைப் பெட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். 14.1 வோல்ட். பிறகு ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டு ரப்பர் மூடியைக் கழற்றி, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கத்தால் மீட்டர் ஊசிகளை நுழைத்தார். 11.6. மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பல்புல பிழை இல்ல தம்பி. பல்புக்குச் சாப்பாடு போகல."

இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. மெல்லிய வயர், பதின்மூன்று வருடப் பழைய சுவிட்ச், துருப்பிடித்த எர்த் (பெட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு). ஹெலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். ஏறக்குறைய வோல்டின் 3.4ஆம் அடுக்குப்படி. 13.2 வோல்டில் 100 பங்கு வெளிச்சம் என்று வைத்தால் 11.6இல் கிடைப்பது 65 பங்குதான். இத்தனை வருடமும் வண்டி தந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை வயருக்குக் கொடுத்துவிட்டு, புது பல்ப் தேடிக் கொழும்புக்குப் போயிருக்கிறேன்.

பாஸ் போட்டது ரிலே, அதாவது கொஞ்சம் மின்சாரத்தால் தட்டிவிட்டால் நிறைய மின்சாரத்தை விடும் சுவிட்ச். பெட்டரியிலிருந்து தடித்த வயர் ஃபியூஸ் வழியாக நேரே பல்புக்கு வரும். பழைய வயரும் சுவிட்சும் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ஃபியூஸ் பெட்டரிக்குக் கிட்டவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வயர் உரசினால் தீப்பிடிக்கும். ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. நான் கடையில் வாங்கிய ரெடிமேட் ரிலே செட்டை மாட்டினால் ஒரு லைட்டும் எரியவில்லை. டொயோட்டாவில் பல மொடல்களுக்கு ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கிறது. ஹோல்டரின் மூன்று முனையில் பொது முனைக்கு எப்போதும் பொசிட்டிவ் வரும், டிம்மும் பிரைட்டும் சுவிட்ச் வழியாக எர்த்துக்குப் போகும். ரெடிமேட் செட்டில் ரிலேயைத் தட்டிவிடும் கொயிலின் மற்ற முனையை வண்டி பொடியில் எர்த் பண்ணியிருந்தார்கள். இரண்டு பக்கமும் எர்த் என்றால் எப்படி வேலை செய்யும்? அந்த முனையைப் பிரித்துப் பொது முனையோடு சேர்த்ததும் டக்கென்று எரிந்தது. மீட்டரில் 13.4. நீல விளக்கும் திரும்பி வந்தது. கூலியும் சாமானும் சேர்த்து எல்ஈடிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

வோல்ட் கிடைக்கிறதே என்று 100/90 வாட்ஸ் பல்ப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு லொறியில் அப்படிப் போட்டு ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொண்டது. 60/55 போதும்.

கண்ணாடி விஷயம். பெயர்தான் கண்ணாடி, அது பொலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே வெயிலைத் தாங்க ஒரு பூச்சு இருக்கும், அது உரிந்தால் மஞ்சளாகும். முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, மூன்று கிழமையில் பழையபடி. பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்க உட்கார்ந்து 800, 1000, 2000, 3000 நம்பர் மண்தாளால் தண்ணீர் விட்டு விட்டு உரசினேன். 800ஐப் போட்டதும் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துவிடும், பயப்படாமல் மேலே போக வேண்டும். கடைசியில் பொலிஷ், அதற்கு மேல் வெயில் தாங்கும் கிளியர் கோட். அந்தக் கிளியர் கோட்டைச் சோம்பலில் விட்டால் உரசியதெல்லாம் வீண்.

பிறகு குறி வைக்கும் வேலை. எங்கள் ஊர் ஃபெக்டரிச் சுவருக்கு முன்னால் சமதரையில் 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் நடுவின் உயரத்தைச் சுவரில் சோக்கால் கோடு போட்டு, டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10, 12 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகினேன். வெறும் வண்டியில் திருகியது என் பிழை. 600 கிலோ மரக்கறி ஏற்றியதும் பின் வில் படுத்து மூக்கு மேலே போய், வெளிச்சம் எதிர் லொறிக்காரன் முகத்தில். பிறகு அரை லோடு ஏற்றி நிறுத்தித் திருகினேன். வெறும் வண்டியாகத் திரும்பும்போது கொஞ்சம் கிட்ட விழும், பரவாயில்லை. ஹெட்லைட்டையே முழுசாக மாற்றுகிறவர்கள், இடது பக்கம் ஓடும் நாட்டுக்குச் செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். டிம் வெளிச்சம் நமக்கு இடது ஓரத்தில்தான் உயர வேண்டும். மற்ற நாட்டுச் சாமானில் அது வலது பக்கம் ஏறி எதிரே வருகிறவனைக் குத்தும்.

பல்ப் கணக்கு இது. ரிலேக்குப் பிறகு ஆசைப்பட்டு 130 வீதம் கூடுதல் வெளிச்சம் என்று விற்கும் நல்ல பிராண்ட் ஹெலஜன் ஒரு சோடி போட்டேன். வெளிச்சம் உண்மையிலேயே தூரம் போனது. போட்ட பதினோராம் மாதம் ஒன்று போனது, மறு கிழமை மற்றது. பிழை சொல்ல முடியாது, அந்த வகையில் இழை கூடுதல் சூட்டில் எரிவதால் ஆயுள் குறைவு. இப்போது இருப்பது சாதாரணப் பல்ப்தான். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொடாமல் துணியால் பிடிக்க வேண்டும், விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்கும்.

பனிமூட்டத்துக்கு ஹெட்லைட்டில் எதைச் செய்தும் பெரிய பலன் இல்லை என்பதுதான் என் முடிவு. அதற்கு உதவுவது பம்பருக்குக் கீழே இருக்கும் ஃபொக் லைட். அது தாழ்வாக இருந்து, தட்டையாக ரோட்டை ஒட்டிப் போகிறது. அதில் மஞ்சள் பல்ப் போட்டிருக்கிறேன். மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று சொல்வதை நான் நம்பவில்லை. பனித்துளி பெரிது, எந்த நிறத்தையும் ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். ஆனால் கண் கூசுவது குறைவாகத்தான் இருக்கிறது. பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததாம், அவர்களுக்கும் ஏதோ தோன்றியிருக்கிறது. லபுக்கலையில் மூட்டம் கட்டினால் டிம், ஃபொக் லைட், இடது பக்க வெள்ளைக் கோடு, செகண்ட் கியர். தம்பி இப்போது இறங்குவதில்லை, தூங்குகிறான்.

ரம்பொடை முடக்குகளில் (வளைவுகளில்) எந்த லைட்டும் தோற்றுவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது லைட் பள்ளத்துக்கு மேலே வெறும் ஆகாயத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், ரோட்டு பக்கத்து ஜன்னலில் இருக்கும். அங்கே ஹோர்ன் அடித்து மெதுவாகத் திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் ஆட்கள் இருட்டோடு நடக்கும் நேரம் திரும்பி வருவதென்றால் இன்னும் மெதுவாக.

போன மாதம் வலது பக்கக் கண்ணாடி ஓரத்தில் திரும்ப மஞ்சள் தட்டத் தொடங்கியது. மண்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டால் ஒரு சனிக்கிழமை உட்கார வேண்டும்.