ஊர் பெயரைச் சொல்லி 240 டொலர்

வேலை செய்யாத ஒரு கார்த் திறப்புக்கு 240 டொலர். இரவு முழுக்க இந்த எண்தான் தலைக்குள் சுற்றியது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி.

நாங்கள் கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். அண்மையில் பாவித்த டெஸ்லா மொடல் 3 ஒன்று வாங்கினேன். புதுக் காருடன் சாவிக்குப் பதிலாக இரண்டு கார்ட் வரும். என் கைக்கு வந்தது ஒன்று. வங்கி அட்டை மாதிரி மெல்லிய கார்ட். சாரதிப் பக்கம் இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள தூணில், கமராவுக்குக் கீழே பிடித்தால் திறக்கும். பற்றறி தேவையில்லை. ஃபோனையும் திறப்பாகப் பதியலாம். நான் பதிந்திருக்கிறேன். மனைவியின் ஃபோன் பழசு, அவளுக்குக் கார்ட்தான்.

அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. குளிரில் கையுறையைக் கழற்றி, கைப்பையைத் துழாவி, கார்டை எடுத்து, சரியான இடத்தில் பிடிக்கவேண்டும். இறங்கிய பிறகும் திரும்பத் தட்டித்தான் பூட்டவேண்டும், ஃபோன் என்றால் நடந்து போனதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். "பழைய காரில் இருந்ததுபோல அமத்துற திறப்பு ஒன்று வாங்கித் தாங்கோவன்" என்றாள். அதுதான் ஃபொப். கொம்பனியே தனியாக விற்கிறது. நேரே அங்கே போயிருக்கவேண்டும்.

போகவில்லை. பக்கத்துப் பிளாசாவில் ஃபோன் திருத்தி, கார்த் திறப்பும் செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கவுன்ரரில் நின்றவர் முதலில் கேட்டது காரைப் பற்றி இல்லை. "அண்ணை எந்த ஊர்?" கொடிகாமம் என்றேன். "அட, எங்கட அம்மா மிருசுவில்!" பக்கத்து ஊர். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பிளேன் ரீ வந்தது. ஃபொப் 160, புரோகிராம் பண்ண 80. ரசீது கேட்டேன். "ரசீது என்றால் 13 வீத ரக்ஸ் வரும் அண்ணை, உங்களிட்ட ஏன்?" 31 டொலர் மிச்சம் என்று எனக்கும் ஆசை. காசாக 240 எண்ணிக் கொடுத்தேன். இதில் என் பிழையும் உண்டு, மறைக்கவில்லை.

"கார்டை ஒருக்காத் தாங்கோ." கொடுத்தேன். அவர் காருக்குள் கால் மணித்தியாலம் இருந்தார், நான் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபொப்பை என் கையில் தந்து, "நீங்களே போய்த் திறந்து பாருங்கோ" என்றார். இரண்டு தரம் அமத்தினேன், கைபிடியைத் தள்ளினேன், கதவு திறந்தது. சந்தோஷமாகக் கை கொடுத்துவிட்டு வந்தேன்.

என் ஃபோன் என் சட்டைப் பையில் இருந்தது. கதவைத் திறந்தது அந்த ஃபோன். நான் எதை அமத்தினாலும், ஒரு சோப்புக் கட்டியை அமத்தியிருந்தாலும், அந்தக் கதவு திறந்திருக்கும்!

மறுநாள் மனைவி கார்டை வீட்டில் வைத்துவிட்டு, ஃபொப்போடு இரவு வேலைக்கு ஆயத்தமானாள். நான்தான் காரை வாசலுக்கு எடுத்து, சூடேற்றி, அவளை ஏற்றிவிட்டேன். அதனால் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. வேலை முடிந்து நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு வந்தவள் அமத்து அமத்தென்று அமத்தியிருக்கிறாள். கார் அசையவில்லை. ஃபோனில் உள்ள டெஸ்லா செயலியால் வீட்டிலிருந்தே திறந்திருக்கலாமே என்பீர்கள். அதற்குக் காருக்கு இணைய இணைப்பு வேண்டும், அந்தத் தரிப்பிடத்துக்குள் சிக்னல் இல்லை. கார்ட் இருந்திருந்தால் சிக்னல் இல்லாமலே திறந்திருக்கும். கடைசியில் நான் கார்டோடு ரக்சி பிடித்துப் போனேன். அதற்கு இன்னொரு 28 டொலர்.

கடைக்கு ஃபோன் அடித்தேன். முதல் நாள் "பற்றறியாக இருக்கும், 2032 ஒன்று போட்டுப் பாருங்கோ." போட்டேன். அடுத்த நாள் "சொஃப்ட்வேர் அப்டேட் பண்ணினீங்களோ?" பண்ணினேன். மூன்றாம் நாள் "உங்கட காரில் கார்ட் வாசிக்கிற இடம் பழுது" என்றார். கார்ட் ஒழுங்காக வேலை செய்கிறதே ஐயா! பிறகு முதலாளி மொன்றியல் போய்விட்டாராம். நேரில் போனபோது "எந்த ஃபொப்? ரசீது இருக்கோ?" அம்மாவின் மிருசுவில் அன்று எங்கே போனதோ தெரியவில்லை.

டெஸ்லாவின் இன்னொரு காரான மொடல் எஸ் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் அந்த ஃபொப்பை வாங்கிப் பார்த்ததும் சிரித்தார். அது பழைய மொடல் எஸ்ஸின் ஃபொப். இரண்டும் குட்டிக் கார் வடிவம்தான், தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் மொடல் 3 இன் ஃபொப் புளூடூத்தில் பேசுவது, பழைய எஸ் இனது வேறு ரேடியோ. எத்தனை தரம் புரோகிராம் பண்ணினாலும் சேராது. அந்த "புரோகிராம்" கூடச் சும்மா கதை. காரின் திரையில் பூட்டுகள் என்ற பக்கத்துக்குப் போய், புதுத் திறப்பைச் சேர்த்து, ஏற்கெனவே பதிந்த கார்டால் உறுதி செய்தால் முடிந்தது. செலவே இல்லாத வேலைக்கு 80 டொலர்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அந்தப் பக்கத்தில் உள்ள திறப்புப் பட்டியலில்தான் இருந்தது. என் கார்ட், என் ஃபோன், அதோடு மூன்றாவதாக ஒரு கார்ட். நான் சேர்க்கவில்லை. கேட்டால் கடைக்காரர் "சோதிச்சுப் பார்த்தது" என்கிறார். சோதிச்சுப் பார்த்த கார்ட் யாரிடம் இருக்கிறது? அதற்குப் பதில் இல்லை. வாசலில் நிற்கிற கார்கள் காணாமல் போகிற ரொறொன்ரோவில் இது சின்ன விஷயமா? உடனே அழித்தேன், ஓட்டுவதற்கு முன் இரகசிய இலக்கம் கேட்கிற வசதியையும் போட்டேன்.

கார்ட் நல்லதா ஃபொப் நல்லதா என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. கார்டை யார் கையிலும் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்காதீர்கள். ஃபொப்பைச் சோதிக்கும்போது ஃபோனில் புளூடூத்தை நிறுத்துங்கள், கார்டைத் தூரத்தில் வையுங்கள். பாவித்த கார் வாங்கினால் அன்றைக்கே திறப்புப் பட்டியலைப் பாருங்கள். ரசீது வாங்குங்கள்.

240. ரக்சியோடு 268. மனைவி பழையபடி கார்டோடுதான் போகிறாள். நான் இன்னும் முதலாளி மொன்றியலில் இருந்து வரக் காத்திருக்கிறேன்.