மூட்டுத் தேய்மானம்: ஊசியா, கத்தியா, பயிற்சியா?

மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்று மருத்துவரிடம் போன ஐம்பத்தைந்து வயதுக்காரரின் கையில் ஓர் எக்ஸ்ரேயும் 'தேய்மானம்' என்ற சொல்லும் வந்து சேர்ந்துவிட்டால், அதன்பிறகு யோசனைகளுக்குப் பஞ்சமே இருக்காது. கரண்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்பார் ஒருவர். ஜெல் ஊசி போட்டால் மூட்டு வழவழப்பாகிவிடும் என்பார் இன்னொருவர். துளை போட்டு, எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தால் சீர்செய்யலாம், சொந்த ரத்தத்திலிருந்தே மருந்து பிரித்து ஏற்றலாம், எதற்கு வம்பு, மூட்டையே மாற்றிவிடலாம் என்று பட்டியல் நீளும். இத்தனைக்கும் நடுவே பிசியோதெரபிஸ்ட் ஒரு நாற்காலியைக் காட்டி, "கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள்" என்கிறார். கட்டணம் கட்டிவிட்டு வந்தவரின் முகம் சுருங்கிப்போகிறது.

இந்தச் சிகிச்சைகளை எல்லாம் கடந்த கால் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் மாற்றி மாற்றி மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் படிக்கும்போது, வென்றது யார் என்று பார்ப்பதற்கு முன் எதிரே நின்றது யார் என்று பார்ப்பது என் வழக்கம். மூட்டு வலி என்றும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஏறும், இறங்கும். நாம் மருத்துவரைத் தேடிப் போவது ஏறிய நேரத்தில்தான். அடுத்த சில வாரங்களில் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். ஒருவர் நம் காலைத் தொட்டுப் பார்த்து, அக்கறையாக எதையோ செய்தாலும் வலி குறையும். ஆகவே சும்மா இருப்பவர்களோடு ஒப்பிட்டால் அநேகமாக எந்தச் சிகிச்சையும் ஜெயித்துவிடும். போலிச் சிகிச்சையின் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் சாயம் வெளுக்கிறது.

துளை போட்டுச் சுத்தம் செய்வது

சாயம் மிக மோசமாக வெளுத்தது இதற்குத்தான். அமெரிக்காவின் ஹூஸ்டனில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. 180 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவினரின் மூட்டுக்குள் நுண்துளைக் கருவியை விட்டுச் செதுக்கிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு உள்ளே கழுவிவிட்டார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டார்கள். கருவி உள்ளே போகவே இல்லை. ஆனால் அறுவை நடப்பது போலவே மருத்துவர் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார், தண்ணீர் ஓசைகூடக் கேட்கும்படி செய்தார்கள். தங்களுக்குப் போலி அறுவை கிடைக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு, அதைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகே எல்லோரும் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தும், வலியிலோ நடமாட்டத்திலோ அசல் அறுவை போலியை எந்தக் கட்டத்திலும் முந்தவில்லை.

கனடாவின் லண்டன் நகரில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு வேறு விதமாகக் கேட்டது. பிசியோதெரபியும் மருந்தும் பெறுகிறவர்களுக்கு, கூடுதலாக இந்த அறுவையையும் செய்தால் லாபம் உண்டா? 178 பேர், இரண்டு ஆண்டுகள், லாபம் இல்லை.

"எனக்குத் தேய்மானம் மட்டுமில்லை, ஜவ்வும் கிழிந்திருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரிகிறது" என்பவர்களுக்கு 2013-இல் இரண்டு பதில்கள் வந்தன. பின்லாந்தில், தேய்மானம் இல்லாமல் வயதின் காரணமாக ஜவ்வு கிழிந்த 146 பேரிடம் அசல் அறுவையையும் போலி அறுவையையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து இரு குழுக்களும் ஒரே நிலையில் இருந்தன. அமெரிக்காவில், தேய்மானமும் ஜவ்வுக் கிழிசலும் சேர்ந்திருந்த 351 பேரில் ஒரு பாதிக்கு அறுவையோடு பிசியோதெரபியும், மறு பாதிக்குப் பிசியோதெரபி மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் பிசியோதெரபிக் குழுவில் 30 சதவீதம் பேர் அதற்குள் மனம் மாறி அறுவைக்குப் போய்விட்டார்கள். பயிற்சியின் ஆதரவாளர்கள் இந்த 30 சதவீதத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுவது உண்டு. சொல்லத்தான் வேண்டும்: பயிற்சி எல்லோருக்கும் போதவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தையும் இங்கே கொஞ்சம் சந்தேகிக்கலாம். அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில், வலி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், பொதுமக்கள் 991 பேருடைய முழங்கால்களைப் படம் எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. ஆகவே படத்தில் கிழிசல் தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. விளையாடும்போது திடீரென்று ஜவ்வு கிழிந்த இளைஞரும், மூட்டு பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாதவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுடைய கதை வேறு.

ஊசிகள்

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குத் தெளிவாக வலியைக் குறைக்கும். வீக்கத்தோடு துடிப்பவருக்கு அது பெரிய ஆறுதல். கேள்வி அதற்குப் பிறகு என்ன என்பதுதான். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2020-இல் வந்தது. வலியையும் நடமாட்டச் சிரமத்தையும் அளக்கும் 240 மதிப்பெண் கொண்ட அளவுகோல்; எண் குறைந்தால் நல்லது. இரு தரப்பும் ஏறத்தாழ 108-இல் தொடங்கினார்கள். ஓராண்டு முடிவில் ஊசிக் குழு 55.8-க்கும் பிசியோதெரபிக் குழு 37.0-க்கும் வந்திருந்தன. பிசியோதெரபி வென்றது உண்மை. ஆனால் ஊசியும் பாதியாகக் குறைத்திருக்கிறது, கவனியுங்கள். மேலும், பிசியோதெரபிக் குழுவினர் தம் சிகிச்சையாளரைப் பல முறை சந்தித்தார்கள். பயிற்சியோடு கையால் மூட்டை அசைத்துவிடும் சிகிச்சையும் பெற்றார்கள். ஊசிக் குழுவினருக்கு அத்தனை சந்திப்புகள் கிடையாது. வெற்றியில் எவ்வளவு பயிற்சிக்கு, எவ்வளவு அந்தக் கவனிப்புக்கு என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வால் முடியாது.

அதே ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பழக்கமாக்கிக்கொண்டால்? பாஸ்டனில் 140 பேரிடம் இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்துபார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். எதிர்க்குழுவுக்கு வெறும் உப்புநீர் ஊசி. வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு குழுவில் 0.21 மில்லிமீட்டரும் உப்புநீர்க் குழுவில் 0.10 மில்லிமீட்டரும் தேய்ந்திருந்தது. அவசரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது வேறு, காலண்டர் பார்த்துப் போட்டுக்கொள்வது வேறு.

ஜெல் ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. 169 ஆய்வுகளை, இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றுதிரட்டி 2022-இல் வெளிவந்த அலசலில், போலி ஊசியைவிட அது குறைத்த வலி நோயாளி உணரும் அளவுக்குப் போதவில்லை. கடுமையான பக்கவிளைவுகளும் சற்றுக் கூடுதல். சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசிக்கு மவுசு இன்னும் அதிகம். ஆஸ்திரேலியாவில் கிம் பென்னல் குழுவினர் 288 பேரிடம் அதையும் உப்புநீரையும் ஒப்பிட்டு 2021-இல் முடிவைச் சொன்னார்கள். ஓராண்டில் வலி பத்துக்கு 2.1 புள்ளி குறைந்தது, உப்புநீரில் 1.8. இந்த 0.3 புள்ளிக்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அவரவர் பர்ஸ் முடிவு செய்யட்டும்.

பயிற்சி

இதுவரை படித்தவர்கள் பயிற்சிக்கு மாலை போடத் தயாராகியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

டென்மார்க்கில் ஏவா ரோஸ், சோரன் ஸ்கோ ஆகியோர் 2013-இல் தொடங்கிய 'கிளாட்' என்ற திட்டம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நோயைப் பற்றிச் சில வகுப்புகள், பிறகு வாரம் இருமுறை மேற்பார்வையோடு பயிற்சி. அதே நாட்டு ஆய்வாளர்கள் இந்தத் திட்டத்தை 206 பேரிடம் எட்டு வாரம் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். எதிரே நின்றது உப்புநீர் ஊசி, மொத்தம் நான்கு. அதிலும், "இது வெறும் உப்புநீர்தான்" என்று நோயாளிகளிடம் சொல்லிவிட்டே போட்டார்கள். வலியில், நூற்றுக்குப் பயிற்சிக் குழு 10.0 புள்ளி முன்னேறியது, உப்புநீர்க் குழு 7.3. இந்த இடைவெளி புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. பி.ஆர்.பி.யின் தோல்விக்குக் கைதட்டிவிட்டு இந்த ஆய்வைக் கண்டுகொள்ளாமல் போவது நேர்மையாகாது.

2024-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 139 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் படம் இதை ஒட்டியே இருந்தது. போலிச் சிகிச்சை அல்லது வெறும் கவனிப்போடு ஒப்பிட்டால், பயிற்சியால் குறையும் வலி நூற்றுக்குச் சுமார் 9 புள்ளி. உண்மையான பலன்தான், ஆனால் பெரிய பலன் என்று சொல்ல முடியாது.

கடுமையாகச் செய்தால் கூடுமா? அமெரிக்காவின் வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மெஸ்ஸியர் 377 பேரை வைத்து, கனமான எடைப்பயிற்சி, லேசான எடைப்பயிற்சி, பயிற்சியே இல்லாத கூட்டங்கள் என்று மூன்றாகப் பிரித்தார். 18 மாதம் கழித்து வலியில் கனத்துக்குத் தனிச் சலுகை கிடைக்கவில்லை. எந்த வகைப் பயிற்சி என்பதும் அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது: பாஸ்டனில் 204 பேரிடம் தாய்-ச்சி என்ற சீனாவின் மெதுவான அசைவுப் பயிற்சியும் வழக்கமான பிசியோதெரபியும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன.

பிறகு ஏன் நான் பயிற்சியை முதலிடத்தில் வைக்கிறேன்? மற்றவற்றின் பலனும் சிறியதே. அவை கேட்கும் விலை அதிகம். பயிற்சியில் தொற்று இல்லை, குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்வதில்லை, அடுத்த சிகிச்சைக்கான கதவும் மூடுவதில்லை. மூட்டு வலியோடு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கும் நம் வயதுக்காரருக்கு அவற்றுக்கும் சேர்த்தே வேலை நடக்கிறது. சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டலில் பயிற்சியை அடிப்படைச் சிகிச்சையாக வைத்துவிட்டு, ஜெல் ஊசியையும் கரண்ட் வைப்பதையும் தரவேண்டாம் என்று சொன்னது. நம் ஊர்க் கிளினிக்குகளில் கரண்ட் வைக்கும் இருபது நிமிடமும் நாற்காலிப் பயிற்சிக்குப் போயிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பயிற்சிக்குப் பலமான கூட்டாளி எடைக் குறைப்பு. மெஸ்ஸியரே 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள 454 பேர் 18 மாதம் பங்கேற்றார்கள். உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் எடையில் 11.4 சதவீதம் குறைந்தார்கள். வலியிலும், தனித்தனியாக ஒன்றை மட்டும் செய்தவர்களை முந்தினார்கள். 2024-இல் செமாகுளுடைடு என்ற எடை குறைப்பு ஊசியை 407 பேரிடம் சோதித்தபோது வலி நூற்றுக்கு 41.7 புள்ளி இறங்கியது. பலரும் மேற்கோள் காட்டும் எண் இதுதான். போலி ஊசிக் குழுவில் 27.5 இறங்கியதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள 14.2. அதுவும் நல்ல சம்பாத்தியமே.

மூட்டு மாற்று

இந்தப் பட்டியலில் பயிற்சியைத் தெளிவாகத் தோற்கடித்தது இது ஒன்றுதான். ஸ்கோ 2015-இல் வெளியிட்ட டென்மார்க் ஆய்வில் 100 பேர். எல்லோருக்கும் பன்னிரண்டு வாரப் பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து உண்டு. பாதிப் பேருக்கு அதற்கு முன் மூட்டையும் மாற்றினார்கள். ஓராண்டில் மாற்றியவர்கள் நூற்றுக்கு 32.5 புள்ளி முன்னேறினார்கள், மாற்றாதவர்கள் 16.0. கடுமையான பாதகங்களோ மாற்றிய குழுவில் 24, மாற்றாத குழுவில் 6: காலில் ரத்தம் உறைதல், மூட்டு இறுகிப்போதல் போன்றவை. மாற்றாத குழுவில் 26 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டார்கள். மீதிப் பேருக்கு அந்த ஆண்டில் தேவைப்படவில்லை. இவர்கள் எல்லோருமே மருத்துவர்கள் 'மாற்றலாம்' என்று தகுதி சொன்னவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு நுணுக்கங்கள். மிகக் கடுமையான வலி உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. இரவில் தூங்கவே முடியாதவர் இந்த எண்களைப் பார்த்து அறுவையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அடுத்தது, மதிப்பெண் போட்ட விதம். அந்தக் கேள்வித்தாளில் ஐந்து பகுதிகள் உண்டு. முதன்மை முடிவுக்கு நான்கை மட்டும் எடுத்தார்கள். விட்டுப்போன ஐந்தாவதில்தான் குந்துவது, மண்டியிடுவது பற்றிய கேள்விகள் இருக்கின்றன. நாற்காலியில் வாழும் டேனியருக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம். பந்தியிலும் பூஜையிலும் சம்மணமிட்டு உட்கார விரும்புகிறவர் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேட்டுவிட வேண்டும்.

பயிற்சியில் இறங்குபவர்களுக்கு நடைமுறை: கிளினிக் தூரம் என்பது சாக்காகாது. ஆஸ்திரேலியாவில் 394 பேரிடம் செய்து 2024-இல் வந்த ஆய்வில், வீடியோ வழியாகப் பிசியோதெரபிஸ்டைச் சந்தித்தவர்கள் நேரில் போனவர்களைவிட வலியிலோ நடமாட்டத்திலோ பின்தங்கவில்லை. தொடக்கத்தில் வலி சற்றுக் கூடும். கிளாட் திட்டத்தின் கணக்கு இது: பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பரவாயில்லை, ஒரு நாளுக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும், இறங்காவிட்டால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு சூடாகச் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அது தேய்மானப் பிரச்சினை இல்லை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி வாரம் இருமுறையாவது, எட்டு வாரம். அதற்குள் எதுவும் நகரவில்லை என்றால் பயிற்சியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம்.