மூன்றரை வயதுக்கு ஒரு பொம்மைப் பியானோ

பொம்மைப் பியானோ வாங்கப் போகிறவர்கள் முதலில் கருப்புக் கட்டைகளை அழுத்திப் பார்க்க வேண்டும். சேலத்துக் கடைகளில் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் அவை வெறும் சாயம். அழுத்தினால் அசையாது, ஒலிக்காது.

நான் அம்மாபேட்டையில் வீட்டிலேயே பாட்டு சொல்லித் தருகிறேன். ஏற்காட்டில் இருக்கும் என் தங்கை மகளுக்காகத்தான் இந்தத் தேடல். எங்களிடம் பாட வரும் பிள்ளைகள் மாயாமாளவகௌளை ராகத்தில், சரளி வரிசை என்ற முதல் பாடத்தோடு தொடங்குகிறார்கள். C என்ற வெள்ளைக் கட்டையை ஒன்று என்று எண்ணத் தொடங்கி, இடையில் வரும் கருப்புகளை ஒன்றரை, இரண்டரை என்போம். அந்த ஒரு கட்டையை ஷட்ஜமமாக (ஸ) வைத்தால், அந்த ராகத்தின் ரிஷபம் ஒன்றரைக் கட்டையிலும் தைவதம் ஐந்தரைக் கட்டையிலும் விழும். இரண்டுமே கருப்பு. வெள்ளைக் கட்டைகள் மட்டும் தருவது சங்கராபரணம். நல்ல ராகம்தான். ஆனால் பெரியம்மா பாடிக் காட்டிய ஸரிகமவைத் தன் விரலால் தேடும் குழந்தைக்கு அது கிடைக்காமலேயே போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சின்னக்கடை வீதிப் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் பொம்மைகள். நாய் குரைக்கும், சேவல் கூவும், ஒரு பொத்தானைத் தட்டினால் முழுப் பாட்டும் தானே ஓடும். அந்தப் பொத்தான் இருக்கும்வரை குழந்தை வேறெதையும் தொடாது. இந்த வகையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் (ஒன்று, ஐந்து கட்டைகளை) ஒன்றாக அழுத்துங்கள். மலிவானவற்றில் ஒன்று மட்டுமே ஒலிக்கும். ஒலியைக் குறைக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். குழந்தை பொம்மைமேல் கவிழ்ந்து, காதை ஒட்டவைத்துத்தான் வாசிக்கும்.

பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத எதையும் கையில் எடுக்காதீர்கள். பொத்தான் வடிவ லித்தியம் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் அது இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் ஐந்து ரோடு அருகே ஒரு கடையில் எடுத்தது மரப் பியானோ. 25 கட்டைகள், மின்சாரம் வேண்டாம், ஐயாயிரத்துக்குச் சற்றுக் கீழே விலை. கடைக்காரர் முகம் சுளிக்காமல் பெட்டியைப் பிரித்துத் தந்தார். கைப்பையில் கொண்டுபோயிருந்த சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் ஒலிக்கவிட்டு, எல்லா ஸ்வரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கீழ் ஸ்தாயி முழுவதும் சேர்ந்து நின்றது. மேல் ஸ்தாயியில் நிஷாதம் மட்டும் ஒரு நூல் ஏறியிருக்கிறது. "வேறு பெட்டி பிரிக்கட்டுமா, டீச்சர்?" என்று கேட்டார். பிரித்தோம். அதில் பஞ்சமமே இறங்கியிருந்தது. பஞ்சமம் இறங்கியதை எந்தக் குழந்தையின் காதிலும் போடக் கூடாது. முதல் பெட்டியையே எடுத்துக்கொண்டேன். ஒரே வகைப் பொம்மையிலும் பெட்டிக்குப் பெட்டி சுருதி மாறும் என்பதால் நேரில் தட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது.

இந்த மரப் பியானோவுக்குள் தந்தி கிடையாது. கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் எழுந்து ஓர் எஃகுக் கம்பியைத் தட்டும். கம்பியின் ஒரு முனை மட்டும் இரும்புப் பாளத்தில் இறுகியிருக்கும். வீணைத் தந்தி தன் ஒலியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஒலிகளையும் எழுப்பும். இந்தக் கம்பியின் அடுத்த ஒலியோ ஆறேகால் மடங்கில் விழுகிறது. மணி அடித்ததுபோல ஒரு கிணுகிணுப்பு வருவது அதனால்தான். அதை அபஸ்வரம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒலியை அடக்கும் பஞ்சும் இல்லாததால் ஒவ்வொரு ஸ்வரமும் தானாகத் தேய்ந்து அடங்கும். குழந்தை அடுத்த கட்டைக்குப் போகாமல் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறாள். இந்தப் பொம்மையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுருதி திருத்த வீணையில் இருப்பதுபோல் பிரடை (முறுக்கும் ஆணி) இல்லை என்பது குறைதான். கம்பி நுனியை அரத்தால் தேய்த்தால் ஸ்வரம் ஏறும், ஆனால் வீட்டில் யாரும் அதில் கை வைக்க வேண்டாம்.

முற்காலப் பொம்மைப் பியானோக்களில் கண்ணாடிப் பட்டைகள் இருந்தன. கப்பலில் வரும்போதே உடைந்துபோகுமாம். 1872-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொழில் தொடங்கிய ஆல்பர்ட் ஷோன்ஹட் அவற்றுக்குப் பதிலாக உலோகத்தை வைத்தார். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் மடிமேல் குலுங்கிப் போன என் பெட்டி சுருதி கலையாமல் போய்ச் சேர்ந்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜப்பானின் கவாய் நிறுவனம் 32 கட்டைகளோடு, அலுமினியக் குழாய்களைத் தட்டி ஒலிக்கும் சிறு பியானோக்களைச் செய்கிறது. சேலத்துக் கடைகளில் அது என் கண்ணில் படவில்லை.

மலையில் ஒரு தொல்லை வந்தது. ஐப்பசி மூடுபனியில் மரம் ஊறி, இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழாமல் ஒட்டிக்கொண்டன. தங்கை அதைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தி, அடுக்களைச் சுவரை ஒட்டி வைத்ததும் சில நாட்களில் சரியாயிற்று. ஏற்காட்டில் இருப்பவர்கள் மரப் பொம்மையை இரவில் துணி போட்டு மூடி வைப்பது நல்லது. மேல்மூடி உள்ள வடிவத்தை வாங்கினால் மூடியைக் கழற்றிவிடுங்கள், விரல் நசுங்கும்.

ஆறு ஏழு வயதுக் குழந்தை என்றால் என் பதில் வேறு. காசியோவின் 44 சிறு கட்டைக் கீபோர்டு போதும். சுருதி பிசகாது, ஒலியைக் குறைக்கலாம். மூன்றரை வயதில் அது வேண்டாம் என்கிறேன். அதில் நூறு வகை ஒலி இருக்கிறது, குழந்தை ஒலிகளை மாற்றிக்கொண்டே இருக்குமே தவிர ஒரு ஸ்வரத்தில் நிற்காது.

மர வகையில் 18 கட்டைகள் உள்ளதும் விலை குறைவாகக் கிடைக்கிறது. சரளி வரிசைக்கு அது போதும். ஆனால் ஐந்து கருப்புக் கட்டைகளை மட்டும், நாலரைக் கட்டையில் தொடங்கி வரிசையாகத் தட்டினால் மோகன ராகம் வரும். எந்தக் கட்டையில் விரல் பட்டாலும் தவறாகாது என்பதால் சிறு குழந்தைக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. 18 கட்டைகளில் மேல் நாலரை இருக்காது. ஆரோகணம் (ஏறு வரிசை) தைவதத்தோடு நின்றுவிடும், மேல் ஷட்ஜமம் கிட்டாது. அந்த ஒரு கட்டைக்காகவே கூடுதல் பணம் கொடுத்து 25 கட்டைகள் உள்ளதை எடுத்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.