பழைய கணினிக்கு எந்த இரண்டாம் பூட்டு: எஸ்எம்எஸ், செயலி, சாவி

என் மேசையில் இருக்கும் கணினி 2011-இல் வாங்கியது. விண்டோஸ் 7, 32 பிட், 4 ஜிபி நினைவகம். அதை மாற்றாமல் வைத்திருப்பதற்குப் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருள் ஒன்றே காரணம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பக்கம் கட்டிய புத்தகக் கோப்புகள் அதில்தான் பிசகாமல் திறக்கின்றன. மறுபதிப்பு என்று பதிப்பாளர் சொன்னால் கோப்பைத் திறந்து, பிழை திருத்தி, பிடிஎஃப் ஆக்கி, அங்கிருந்தே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன்.

அந்த மின்னஞ்சல் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பைப் போட்டபோது கேள்வி எழுந்தது: கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டாக எதை வைப்பது? எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை ஒரு வருடம் பயன்படுத்தினேன். ஆறு இலக்க எண்ணை உருவாக்கித் தரும் செயலியோடு மூன்று வருடங்களாக இருக்கிறேன். யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவியை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு வாரம் பார்த்தேன். என் வோட்டு செயலிக்குத்தான், அதுவும் கைப்பேசியில் இருக்கும் செயலிக்கு.

எஸ்எம்எஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இணையத்தில் கார்டு தேய்க்கும் எல்லோருக்கும் பல வருடங்களாகப் பழக்கமானது. வங்கி விஷயத்தில் பெரும்பாலும் நமக்குத் தேர்வும் கிடையாது. மின்னஞ்சலுக்குத் தேர்வு உண்டு என்பதால் அங்கே அதை விட்டுவிடலாம் என்கிறேன். என் வேலை அறை தரைத்தளத்தில் இருக்கிறது. சிக்னல் வாசலோடு நின்றுவிடும். எண் வரவில்லையே என்று மறுபடி மறுபடி கேட்டால் ஐந்து நிமிடம் கழித்து மூன்று எண்கள் ஒன்றாக வந்து விழும். கடைசியாகக் கேட்டது மட்டுமே செல்லும், அது எது என்று தெரியாது. தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி நம் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடியும் இருக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இலேயே எஸ்எம்எஸ் வழியைக் கட்டுப்பாடுகளோடு பயன்படுத்த வேண்டிய வகையில் சேர்த்துவிட்டது. ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு எஸ்எம்எஸ் எவ்வளவோ மேல். வேறு எதுவும் அமையாதவர்கள் தயங்காமல் அதையே போடுங்கள்.

இனி செயலி. முதலில் கணக்கின் அமைப்புப் பக்கம் ஒரு க்யூஆர் படத்தைக் காட்டும். அதற்குள் ஒரு ரகசியச் சரம் இருக்கிறது. கைப்பேசியில் படம் பிடித்ததும் அந்த ரகசியம் இரண்டு இடங்களில் இருக்கும்: அவர்கள் சர்வரில் ஒன்று, நம் கையில் ஒன்று. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை முப்பது விநாடிகள் கழிந்தன என்று இரண்டு பக்கமும் எண்ணி, அந்த எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஆறு இலக்கங்களை எடுக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான பொது வழிமுறை இது. செய்தி எதுவும் வந்து சேர வேண்டியதில்லை. சிக்னலும் இணையமும் இல்லாத கைப்பேசியிலும் எண் ஓடிக்கொண்டே இருக்கும். கணினியின் வேலை ஆறு இலக்கங்களைத் தட்டச்சு செய்ய இடம் தருவதோடு முடிந்தது. என்ன உலாவி, எந்த விண்டோஸ் என்ற கேள்வி இந்தப் படியில் எழாது.

ஆனால் நான் தொடக்கத்தில் இதைக் கைப்பேசியில் வைக்கவில்லை. வேலை செய்யும் இடத்திலேயே எண்ணும் இருந்தால் வசதி என்று, கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கக் கணினியில் இருந்த பெட்டக மென்பொருளிலேயே ரகசியத்தைச் சேர்த்திருந்தேன். நான்கு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை எண்ணைப் போட்டேன்; தவறு என்றது. அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்து போட்டேன், அதுவும் தவறு. கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று கை நடுங்கிவிட்டது. செய்தித்தளங்கள் எல்லாம் திறந்தன, தேடல் வேலை செய்தது, இந்த எண் மட்டும் ஏற்கப்படவில்லை. அரைமணி நேரம் கழித்துத் தற்செயலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 10:20. திரையின் வலது மூலையில் 10:13.

மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இரவில் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இடி மின்னலுக்குப் பயந்து வந்த பழக்கம். அதனால் விடியும்வரை முழுப் பாரமும் அந்தக் காசு பேட்டரியின் மேல். வலுவிழந்த பேட்டரி ஒவ்வொரு இரவும் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்திருக்கிறது. விண்டோஸ் இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும்தான், ஆனால் வீட்டுக் கணினியில் அதன் இயல்பான இடைவெளி வாரத்துக்கு ஒருமுறை.

ஏழு நிமிடம் பின்தங்கினால் உலாவிக்கு ஒன்றும் ஆகாது. தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ்கள் மாதக் கணக்கில் செல்லுபடியாகும். தேதியே வெகுவாகப் பின்னுக்குப் போனால்தான் எச்சரிக்கைப் பக்கங்கள் வரிசையாக வரும், காரணமும் சட்டென்று புரிந்துவிடும். முப்பது விநாடிக் கணக்கில் ஓடும் எண்ணுக்கோ ஏழு நிமிடம் என்பது பதினான்கு எண்கள் பின்னால். முன்னும் பின்னும் ஓர் எண் வரைதான் சர்வர்கள் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும். அதனால் கோளாறு எண்ணில் மட்டும் தெரியும். கடிகாரத்தின் மேல் சந்தேகமே வராது.

இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இதைவிடக் குழப்பமாக நடந்தது. அவர் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுத்தவர்கள் நேர மண்டலத்தை அமெரிக்க மேற்குக் கரையிலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தைக் கையால் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார்கள். பார்க்க நேரம் சரி, தேதி சரி. எண் ஒருநாளும் சேரவில்லை. கணக்கீடு நடப்பது உலகப் பொது நேரத்தில். அந்தக் கணினியைப் பொறுத்தவரை அது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் தள்ளியிருந்தது.

ஆகவே பழைய கணினி வைத்திருப்பவர்கள் எண் உருவாக்கும் வேலையை அந்தக் கணினியிடம் கொடுக்கவே வேண்டாம். கைப்பேசி தன் நேரத்தை வலைப்பின்னலிலிருந்து தானே சரிசெய்துகொள்கிறது. இன்னொன்று, கடவுச்சொல்லும் ரகசியமும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் இரண்டு பூட்டு என்று சொல்வதற்கே அர்த்தமில்லை. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குள் ஏதாவது புகுந்தால் இரண்டையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். இதே காரணத்தால் ‘இந்தக் கணினியில் மீண்டும் கேட்காதே’ என்ற கட்டத்தையும் நான் டிக் செய்வதில்லை. ஏற்கனவே உள்ளே நுழைந்த நிலையில், அந்த நுழைவை நினைவில் வைத்திருக்கும் உலாவியின் குக்கியைத் திருடினால் எந்த இரண்டாம் பூட்டும் உதவாது; வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவதைப் பழக்கமாக்கியிருக்கிறேன்.

பாதுகாப்புச் சாவியைப் பற்றி இரண்டு வார அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் வலுவான பூட்டு அதுதான், சந்தேகமே இல்லை. போலித் தளம் ஒன்று அசல் போலவே நின்று கேட்டால் நான் ஆறு இலக்கத்தை அங்கேயும் தட்டிவிடுவேன். சாவி தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, போலிக்குப் பதில் சொல்லாது. பேட்டரி இல்லை, கடிகாரம் இல்லை. பழைய யுஎஸ்பி துளையில் தடையின்றிப் பொருந்தியது, தொட்டதும் உள்ளே விட்டது.

எனக்கு இடித்தது உலாவி. சாவியோடு பேச வேண்டியது உலாவிதான், விண்டோஸ் 7-இல் அதன் புதிய பதிப்புகள் குரோம் 109-உடனும் ஃபயர்பாக்ஸ் 115 வரிசையுடனும் நின்றுவிட்டன. மின்னஞ்சல் தளம் நாளைக்குப் புதிய உலாவியைக் கேட்டால் என் கையில் மாற்று இல்லை. விலையும் சில ஆயிரம் ரூபாய். ஒன்று தொலைந்தால் திண்டாடாமல் இருக்க இரண்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 10 அல்லது அண்மைய லினக்ஸ் ஓடும் கணினி உங்களுடையது என்றால், பணமும் ஒதுக்க முடியும் என்றால், நான் சொல்வதைத் தள்ளிவிட்டுச் சாவியையே வாங்குங்கள்.

பழைய அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் மென்பொருளில் இந்த மூன்றுமே வேலைக்கு ஆகாது. இரண்டாவது எண்ணைக் கேட்கவே அதற்குத் தெரியாது. அதற்கென ஜிமெயில் பதினாறு எழுத்தில் தனிச் செயலிக் கடவுச்சொல் ஒன்றைத் தருகிறது. அது கசிந்தால் இரண்டாம் பூட்டைத் தாண்டியே அஞ்சலை எடுத்துவிடலாம் என்பதால் நான் உலாவியோடு நின்றுகொண்டேன்.

செயலியின் பலவீனம் கைப்பேசி தொலைவது. க்யூஆர் காட்டும் பக்கத்திலேயே ரகசியச் சரத்தை எழுத்தாகவும் காட்டும். அதைத் தாளில் எழுதி வைத்தால் புதுக் கைப்பேசியில் தட்டச்சு செய்து அதே எண்களைத் திரும்பப் பெறலாம். ஜிமெயில் எட்டு இலக்கத்தில் பத்து மாற்றுக் குறியீடுகளும் கொடுக்கிறது, ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு. அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். போன ஆடியில் கைப்பேசித் திரை உடைந்து நான்கு நாள் பழுது கடையில் கிடந்தபோது, பதிப்பாளருக்கு 212 பக்க பிடிஎஃப் போய்ச் சேர்ந்தது அந்தத் தாளில் இருந்த முதல் இரண்டு வரிகளால்தான். பேனாவால் அவற்றை அடித்துவிட்டுத் தாளை மறுபடி பத்திரப் பைக்குள் வைத்தேன்.