முத்திரையா, கைப்பிடியா: பழைய பிரிட்டிஷ் ரம்பத்தின் வயதை எது சொல்லும்?

முதுகில் பட்டை போட்ட பழைய பிரிட்டிஷ் ரம்பம் ஒன்று கிடைத்தால், அதன் வயதைச் சொல்ல இரண்டு கட்சிக்காரர்கள் வருவார்கள். ஒருவர் பட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படிப்பார். இன்னொருவர் பெயரைச் சட்டை செய்யாமல் கைப்பிடியையும் அதன் நட்டுகளையும் தடவிப் பார்த்து, "இது 1820 பக்கம்" என்பார். நான் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவன். இப்போது முத்திரைக் கட்சி. ஆனால் கண்மூடித்தனமாக அல்ல.

முத்திரைக்குப் பலம் என்னவென்றால், அதைக் காகிதத்தோடு ஒப்பிடலாம். இந்த ரம்பங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்தவை. அந்த ஊரின் முதல் வணிக விவரப் புத்தகம் 1774இல் வந்தது. பிறகு வந்த புத்தகங்களில் ரம்பம் செய்தவர்களின் பெயரும் தெருவும் இருக்கின்றன. 'அண்ட் சன்' என்பது 'அண்ட் சன்ஸ்' ஆவது, கூட்டாளி பெயர் சேர்வது, பட்டறை தெரு மாறுவது எல்லாமே ஆண்டைக் குறுக்கிக்கொண்டு வரும். 'லிமிடெட்' என்று இருந்தால், பங்குதாரரின் கடன் பொறுப்புக்கு வரம்பு வைத்த 1855ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னால் போகவே முடியாது. 1851 லண்டன் பெருங்கண்காட்சிப் பதக்கத்தைப் பெருமையாகக் குத்தியிருந்தால் 1851க்கு முன்னால் போக முடியாது. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட ஆண்டு அது.

கவனியுங்கள், இவை எல்லாமே 'இதற்கு முன்னால் இல்லை' என்றுதான் சொல்கின்றன. 'இதற்குப் பின்னால் இல்லை' என்று முத்திரை சொல்வது அபூர்வம். பெயர் வாங்கிய முத்திரையை மகனும் பேரனும் விடாமல் குத்திக்கொண்டே இருப்பார்கள்.

சில சொற்கள் ஆளை ஏமாற்றும். 'காஸ்ட் ஸ்டீல்' என்றால் வார்ப்பிரும்பு அல்ல, மூசையில் உருக்கிய எஃகு. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் கண்ட முறை அது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு முழுக்க எல்லோருமே அதைக் குத்தியதால், ஆண்டு கணிக்க அது அநேகமாக உதவாது. 'லண்டன் ஸ்பிரிங்' என்று பார்த்து லண்டன் சரக்கு என்று மகிழ வேண்டாம்; ஷெஃபீல்டுக்காரர்கள் எஃகின் தரத்துக்கு வைத்த பெயர் அது. அப்புறம், பட்டையில் உள்ள பெயர் செய்தவர் பெயராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விற்ற இரும்புக்கடைக்காரரும் தன் பெயரைக் குத்தி வாங்குவார்.

இனி கைப்பிடிக் கட்சி. இவர்களுக்கு ஓர் உறுதியான அளவுகோல் இருக்கிறது. பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்கு அவருடைய அப்பா 1796 டிசம்பரில் ஒரு முழுத் தச்சுக் கருவித் தொகுதியை வாங்கிக் கொடுத்தார். மகன் அதற்கு அழகான பெட்டி செய்து அடுக்கி வைத்தார், அதிகம் பயன்படுத்தவில்லை. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கும் அந்தப் பெட்டியில் ஷெஃபீல்டு ஜான் கென்யன் செய்த ரம்பங்கள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைப்பிடி எப்படி இருந்தது என்று கேட்டால், அங்கே போய்ப் பார்க்கலாம். மெல்லிய பிடி, கத்தியால் சீவிய சரிவுகள், கீழே ஆட்டுக்குட்டியின் நாக்கு மாதிரி நீளும் வளைவு. நூறு வருடம் கழித்து வந்தவை தடித்து, வளைவுகள் மழுங்கி, எந்திரத்தில் வெட்டிய முகத்தோடு நிற்கும். கையில் பிடித்தாலே தெரியும்.

நட்டும் அப்படித்தான். மரத்தோடு மட்டமாக, நடுவில் ஒரு பிளவோடு இருக்கும் தட்டைப் பித்தளை நட்டு என்றால் பழைய பாணி. ஆனால் 'பழைய' என்பது எவ்வளவு பழைய? பிரிட்டிஷ் பட்டறைகள் அதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கைவிடவில்லை. இங்கேதான் கைப்பிடிக் கட்சி சறுக்குகிறது. அவர்கள் சொல்லும் '1820 பக்கம்' என்பதில் அந்தப் 'பக்கம்' சில சமயம் ஐம்பது வருடம் அகலம்.

பித்தளை முதுகு என்றால் பழசு, இரும்பு முதுகு என்றால் புதுசு என்று ஒரு மூன்றாவது கட்சியும் உண்டு. விட்டுத் தள்ளுங்கள். ஒரே பட்டறை ஒரே காலத்தில் இரண்டையும் விற்றது. பித்தளைக்கு விலை கூடுதல், அவ்வளவுதான்.

சரி, முத்திரை ஒன்று சொல்லி, கைப்பிடி வேறு சொன்னால்? அப்போது பல் வெட்டிய எஃகுத் தகட்டைப் பாருங்கள். மடித்த முதுகுப் பட்டை ஆணியால் அடித்ததல்ல, தகட்டை இறுக்கிக் கவ்வி நிற்பது. தட்டினால் கழன்று வரும். ஆகவே பெயர் தாங்கிய பட்டையே வேறு தகட்டில் ஏறியிருக்கலாம். கைப்பிடி மாறியிருந்தால் தகட்டில் பயன்படாத துளைகள் மிஞ்சும். என் ரம்பம் ஒன்றில் முத்திரையில் உள்ள பெயரும் தெருவும் 1830களின் விவரப் புத்தகங்களோடு பொருந்தின. கைப்பிடியோ அதற்கு வெகு பிந்திய தடித்த ரகம். நட்டைக் கழற்றினேன். மரத்துக்கு உள்ளே மறைந்திருந்த தகட்டில் இரண்டு அனாதைத் துளைகள்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அதே ரம்பத்தின் பட்டையைப் பளபளக்கத் தேய்த்தேன். மங்கலாக இருந்த இரண்டாவது வரி எழுத்துகள் அதோடு போயின. விளக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தாலே படித்திருக்கலாம்.